அவையேறும் முன் ஓர் அளவுகோல்

வள்ளுவர் சொல்வன்மைக்கென்று ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்கவில்லை. அவையறிதல், அவையஞ்சாமை என்று மேலும் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். பேச அறிவது வேறு, கேட்போர் முன் நின்று பேசுவது வேறு என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். அவர் வாழ்ந்த ஊர் மயிலை என்பது செவிவழி மரபு. அங்கே அவருக்குக் கோயிலும் உண்டு. அந்த மயிலைக்கும் தியாகராய நகருக்கும் அடையாற்றுக்கும் நடுவே படிக்கும் நமக்கு, இன்று அவை என்பது பெரும்பாலும் செமினார் அறைதான்.

அரசு கலைக் கல்லூரிக்கு வருவோரில் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உரையை வீட்டில் ஒருமுறை பேசிக் காட்டினால் குறை எடுத்துச் சொல்ல ஆளிராது. நண்பரோ "சூப்பர்" என்று சொல்லி முடித்துவிடுவார். பணம் கட்டிப் பேச்சுப் பயிற்சி பெற எல்லோராலும் முடியாது. எனவே 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், கைப்பேசியிலுள்ள செயற்கை நுண்ணறிவிடம் உரையைக் கொடுத்து, "எப்படி இருக்கிறது?" என்று கேட்கும் வழக்கம் பரவியிருக்கிறது. "மிகச் சிறப்பு, பத்துக்கு எட்டு" என்று விடை வரும். மார்கழிக் கச்சேரி முடிந்து சபா கேன்டீனில் காப்பி குடித்துக்கொண்டே சொல்லும் "பிரமாத"த்துக்கு என்ன மதிப்போ, அதே மதிப்புதான் இதற்கும்.

காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே உள்ளது. அது தராசு அன்று. எண்ணற்ற நூல்களையும் பக்கங்களையும் கொண்டு பழக்கப்பட்டு, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துத் தொடுப்பது. பிறகு மனிதர் விரும்பிய விடைகளைக் கொண்டு மேலும் திருத்தப்பட்டது. ஆகவே கேட்பவரை மகிழ்விக்கும் பக்கமே சாயும். இத்தகைய இயந்திரங்களை நடுவராக அமர்த்தி, கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி ஆய்வாளர்களும் பிறரும் 2023-இல் சோதித்தனர். நீளமான விடைக்கும் முதலில் வைக்கப்பட்ட விடைக்கும் அவை சலுகை காட்டுவதைக் கண்டனர். நம் தேர்வு விடைத்தாள் நினைவுக்கு வந்தால் வியப்பில்லை!

எனவே மதிப்பெண் கேட்பதை விடுத்து, அளவுகோலை நாமே கொடுக்க வேண்டும். பிராம்ப்ட் என்று வழங்கும் கட்டளைக் குறிப்பின் பயன் அதுவே. அளவுகோலுக்கு வெளியே அலைய வேண்டியதில்லை. பவணந்தியார் நன்னூலில் நூலுக்குப் பத்துக் குற்றங்கள் சொன்னார். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் ஆகியவை செமினார் உரைக்கும் அப்படியே பொருந்தும். சென்று தேய்ந்திறுதல் என்பதோ, அழகாகத் தொடங்கிக் கடைசி மூன்று ஸ்லைடில் நேரமின்றி நீர்த்துப்போகும் நம் உரைகளுக்கென்றே வைத்த பெயர்!

குறிப்பை இப்படி எழுதலாம்: "இது இளங்கலை வரலாறு இரண்டாமாண்டு மாணவர்முன் பத்து நிமிடம் பேசவேண்டிய உரை. பாராட்ட வேண்டாம், மதிப்பெண் வேண்டாம். கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்திறுதல் ஆகிய குற்றங்கள் எங்கே உள்ளன? ஒவ்வொன்றுக்கும் என் வாக்கியத்தை அப்படியே எடுத்துக் காட்டு. குற்றம் இல்லையென்றால் இல்லை என்று சொல்." குற்றப் பெயர்களின் பொருளையும் ஒரு வரியில் சேர்ப்பது நலம். கடைசி இரண்டு கட்டளைகளை விடவே கூடாது. கேட்டால் இல்லாத குறையையும் இயந்திரம் புனைந்து தரும். எடுத்துக் காட்டிய வாக்கியம் நம் தாளில் இல்லையென்றால் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிடலாம்.

மேலும் ஒன்று கேட்க வேண்டும்: "கேட்போரின் முடிவை மாற்றக்கூடிய உண்மை எது? அதை எங்கே வைத்திருக்கிறேன்?" இது சிறு விஷயமன்று. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்கலம் ஏறும்போது நுரைத் துண்டொன்று உடைந்து இடது இறக்கையில் மோதியது. கலம் விண்ணில் இருக்கையிலேயே பொறியாளர்கள் நாசாவுக்கு ஸ்லைடுகள் தயாரித்தனர். ஒரு ஸ்லைடின் தலைப்பு ஆறுதலாக இருந்தது. மோதிய துண்டு 1920 கன அங்குலம், முன்பு சோதித்த துண்டோ 3 கன அங்குலம் என்ற செய்தி அடிவரியில் கிடந்தது. அறுநூறு மடங்குக்கு மேல்! பிப்ரவரி 1 அன்று, கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உட்பட எழுவரும் மாண்டனர். அந்த ஸ்லைடு அமைந்த விதத்தை விசாரணைக் குழு அறிக்கை தனியே எடுத்துக் கண்டித்தது.

அவையஞ்சாமைக்கும் வழியுண்டு. "என் கருத்தை ஏற்காத பேராசிரியராக இருந்து மூன்று கேள்வி கேள்" என்று பணித்தால், அறையில் வரவிருக்கும் கேள்விகளில் ஒன்றிரண்டு முன்கூட்டியே வந்துவிடும். விடையை மட்டும் நூலகத்தில் தேடுவது நல்லது.

தமிழில் பேசிப் பதிவு செய்தும் கொடுக்கலாம். அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி.யில் இயங்கும் ஏஐ4பாரத் குழுவினர், தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிப் பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்களை வெளியிட்டுள்ளனர். ஆனால் எழுத்தாக மாறியபின் குரல் தாழ்ந்ததும், தாளைப் பார்த்தே படித்ததும் அதில் தெரியா. அதற்குத் தோழர் ஒருவரைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, மின்விசிறி ஓடும் அறையில் ஒருமுறை பேசிப் பார்க்க வேண்டும்.