"கடல் அரிப்பு பற்றி கட்டுரை வரைக": மனப்பாடம் பண்ணுவதா, யோசிப்பதா? பெரியதாழையை வைத்து ஒரு விளக்கம்

"கடல் அரிப்பு: காரணங்களும் தீர்வுகளும். கட்டுரை வரைக." செமஸ்டர் தேர்வில் இப்படி ஒரு கேள்வி வந்தால் என்ன நடக்கும்? முன்னுரை, நாலைந்து உள்தலைப்பு, முடிவுரை. கைடில் இருப்பது அப்படியே தாளுக்கு வரும். மார்க்கும் வந்துவிடும்.

இதே கேள்விக்கு தூத்துக்குடி மாவட்டம், சாத்தான்குளம் தாலுகாவில் இருக்கும் பெரியதாழை மீனவ கிராமத்து மாணவி ஒருவர் பதில் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கடல் அரிப்பு அவருக்குப் பாடம் இல்லை, வீட்டுக் கதை. படகை எங்கே ஏற்றுவது, கரை எவ்வளவு உள்ளே வந்திருக்கு என்று தினமும் காதில் விழுவதுதான். ஆனால் தேர்வுத்தாளில் அதில் ஒரு வரிகூட இருக்காது. "மரம் நட வேண்டும், விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும்" என்று எழுதி முடிச்சிடுவார். வீட்டில் பேசுவது ஒண்ணு, தாளில் எழுதுவது இன்னொண்ணு.

இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் உலகம் முழுக்க பல கல்லூரிகள் கட்டுரை எழுதுவதை யோசிக்கக் கற்றுக்கொடுக்கும் கருவியாகப் பயன்படுத்துகின்றன.

கட்டுரைன்னா முதலில் என்ன?

பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் 1580-ல் தன் புத்தகத்துக்கு வைத்த பெயர்தான் இன்றைய 'எஸ்ஸே' என்ற சொல்லுக்கு மூலம். அந்தச் சொல்லுக்கு 'முயற்சி' என்று பொருள். முடிவு தெரிந்த பிறகு எழுதுவது இல்லை, எழுதிப் பார்த்து முடிவைத் தேடுவது.

தமிழில் இந்தச் சொல் இன்னும் பழசு. சிலப்பதிகாரத்தின் 23-வது காதைக்குப் பெயரே 'கட்டுரை காதை'. மதுரை எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகி முன் வந்து, நடந்ததெல்லாம் ஏன் நடந்தது என்று எடுத்துச் சொல்லும் பகுதி அது. அந்தக் காரணம் இன்றைய வாசகருக்கு ஏற்புடையதா என்பது வேற விஷயம். 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்வதுதான் அங்கே கட்டுரை.

இன்னும் நேரடியான உதாரணம் நன்னூல். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய இந்த இலக்கண நூல், ஒரு நூலாசிரியர் எடுக்கக்கூடிய நிலைப்பாடுகளை 'எழுவகை மதம்' என்று பிரிக்கிறது. இங்கே மதம் என்றால் கொள்கை. பிறர் சொன்னதை ஏற்பது, மறுப்பது, முதலில் ஏற்றுக்கொண்டு பிறகு கைவிடுவது, தானே ஒரு கருத்தை வைத்து கடைசிவரை நிலைநாட்டுவது, இரண்டு பேர் முரண்படும்போது ஒரு பக்கம் துணிவது, பிறர் நூலில் குற்றம் காட்டுவது, யாரோடும் சேராமல் தன் கொள்கையைச் சொல்வது. ஆக மொத்தம் ஏழு. தமிழ் படிக்கும் மாணவர்கள் இதை இரண்டு மார்க் கேள்விக்காக மனப்பாடம் பண்ணியிருப்பார்கள். ஆனால் நம்ம கல்லூரிக் கட்டுரைகளில் பெரும்பாலும் இருப்பது முதல் மதம் மட்டும்தான்: உடன்படல்.

பெரியதாழை கடற்கரையை வைத்தே பார்க்கலாம்

'தூண்டில் வளைவு' என்ற சொல் தென்மாவட்டச் செய்திகளைப் பார்ப்பவர்களுக்குப் பழக்கம்தான். கரையிலிருந்து கடலுக்குள் பாறைகளைக் கொட்டி அமைக்கும் தடுப்பு. பெரியதாழை மீனவர்கள் இதைக் கேட்டுப் போராடினார்கள். கட்டிய பிறகும் அது போதவில்லை, நீட்டித்துத் தர வேண்டும் என்று கோரிக்கை வைத்தார்கள். கட்டுரைத் தலைப்பை "தூண்டில் வளைவு தீர்வா?" என்று மாற்றிக் கேட்டால் என்ன ஆகும்?

கைடில் பதில் இல்லை. மாணவி முதலில் ஒரு பக்கம் எடுக்கணும். "ஆமா, தீர்வுதான்" என்று எழுதுகிறார் என்று வைப்போம். உடனே அடுத்த கேள்வி வரும்: எதை வைத்துச் சொல்றே?

கடலோரமாக அலையும் நீரோட்டமும் மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். குறுக்கே தடுப்பு வந்தால் ஒரு பக்கம் மணல் சேரும், மறுபக்கம் மணல் வரத்து குறைந்து கரை அரிக்கும். இதற்குப் பெரிய சாட்சி சென்னை. 1870-களில் மெட்ராஸ் துறைமுகக் கட்டுமானம் தொடங்கிய பிறகு தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. புதுச்சேரியிலும் 1980-களின் கடைசியில் துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு வடக்கே நகரத்துக் கடற்கரை காணாமல் போனது. பின்னாளில் தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம் நீருக்கடியில் ஒரு தடுப்புத்திட்டு அமைத்த பிறகுதான் மணல் கொஞ்சம் திரும்பி வந்தது.

இப்போ மாணவியின் வாதம் ஆட்டம் காணுது. நம்ம ஊர்க் கரையைக் காப்பாற்றினால் பக்கத்து ஊர்க் கரை போகுமா? அப்படியானால் "தீர்வு" என்பது யாருக்குத் தீர்வு? ஆனால் கையில் படகு இருக்கும் குடும்பம், பத்து வருடம் ஆய்வு முடியட்டும் என்று காத்திருக்க முடியாது என்பதும் நிஜம். வளைவு இருந்தால் அலை தணியும், படகைப் பத்திரமாகக் கரையேற்றலாம். அரிப்பைத் தடுப்பது ஒரு நோக்கம், படகு நிறுத்த இடம் என்பது இன்னொரு நோக்கம். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம் என்பது, எழுத உட்கார்ந்த பிறகுதான் அவருக்குத் தெரியவரும்.

இன்னொரு சிக்கல். "நீவாடு எந்தப் பக்கம் இழுக்குதுன்னு எங்க அப்பாவுக்குத் தெரியும்" என்று அவர் எழுதினால் அது ஆதாரமா? பல ஆசிரியர்கள் சிவப்பு மையில் அடித்துவிடுவார்கள். அது தப்பு. நீரோட்டத்தை மீனவர்கள் சொல்லும் பெயர்தான் நீவாடு. காற்று திரும்பும்போது அதுவும் திசை மாறும் என்பதை வருடக்கணக்காகப் பார்த்த ஒருவரின் சாட்சி அது. அதே நேரம், அப்பா சொன்னார் என்பதோடு நிறுத்தவும் கூடாது. முப்பது வருடம் முன்னாடி கரை எங்கே இருந்தது என்பதில் ஞாபகம் ஏமாற்றலாம். பழைய செயற்கைக்கோள் படங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எங்கே ஒத்துப்போகுது, எங்கே முட்டுது என்று எழுதினால் போதும்.

கடைசியில் அவர் முதலில் எடுத்த பக்கத்திலேயே நிற்கலாம், மாறவும் செய்யலாம். நன்னூல் சொன்ன மூன்றாவது மதம் அதுதானே!

எழுதினால் நிஜமாவே யோசனை வளருமா?

அமெரிக்காவில் சென்ட்ரல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயான் குயிடாடமோ, மார்த்தா கர்ட்ஸ் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு இதைச் சோதித்தது. உயிரியல் ஆய்வக வகுப்பில் ஒரு பிரிவு மாணவர்களுக்கு வழக்கமான சிறு தேர்வுகள். இன்னொரு பிரிவுக்கு அதற்குப் பதிலாகக் கட்டுரை. பருவ முடிவில் கட்டுரை எழுதியவர்களின் விமர்சனச் சிந்தனை மதிப்பெண் கூடியிருந்தது. பகுத்துப் பார்ப்பது, ஊகித்து முடிவுக்கு வருவது ஆகிய திறன்கள் முன்னேறின. பிறர் வாதத்தை மதிப்பிடும் திறன் மட்டும் குறிப்பிடும்படி உயரவில்லை.

ரிச்சர்ட் ஆரம், ஜோசிபா ரோக்சா 2011-ல் எழுதிய புத்தகம் இன்னும் பரபரப்பானது. 24 கல்லூரிகளில் 2,300-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பின்தொடர்ந்ததில், 45 சதவீதம் பேருக்கு முதல் இரண்டு வருடத்தில் சிந்தனைத் திறனில் சொல்லும்படி எந்த வளர்ச்சியும் இல்லை. நிறைய வாசிக்கவும் பருவத்துக்கு 20 பக்கத்துக்கு மேல் எழுதவும் வைத்த பாடங்களைப் படித்தவர்கள் நிலைமை பரவாயில்லை.

நம்ம ஊரில் எங்கே இடிக்குது?

20 பக்கம் எழுதுவது நம்ம மாணவர்களுக்குப் புதுசு இல்லை. பார்டர் போட்டு, ஸ்கெட்ச்சில் தலைப்பு எழுதி, இன்டெர்னல் மார்க்குக்காக ராத்திரி முழுக்கக் காப்பி பண்ணிய அசைன்மென்ட் எத்தனை! அதில் எழுத்து இருக்கு, கேள்விதான் இல்லை. பல கல்லூரி வினாத்தாள்களில் இப்போது கே1 முதல் கே6 வரை என்று குறிப்பு இருக்கும். பெஞ்சமின் ப்ளூம் குழு 1956-ல் வெளியிட்ட கற்றல் படிநிலைகளின் திருத்திய வடிவம் அது. கே1 நினைவுகூர்தல், கே5 மதிப்பிடுதல், கே6 உருவாக்குதல். கேள்விக்குப் பக்கத்தில் கே5 என்று அச்சடித்துவிட்டு, பதிலைக் கைடிலிருந்து எதிர்பார்த்தால் அது கே1 தான்.

ஆசிரியர்கள் பக்க நியாயமும் இருக்கு. அறுபது பேர் வகுப்பில் அறுபது கட்டுரையையும் படித்துக் கருத்து எழுத நேரம் எங்கே? அதனால்தான் நீளத்தைக் குறைப்பது புத்திசாலித்தனம். ஒரே ஒரு பக்கம், ஆனால் இரண்டு முறை. முதல் வரைவைப் பக்கத்து பெஞ்ச் மாணவர் படித்து, "இதை எதை வைத்துச் சொல்றே?" என்று ஒரே ஒரு கேள்வி ஓரத்தில் எழுதித் தரணும். இரண்டாவது வரைவை ஆசிரியர் பார்த்தால் போதும்.

சாட்ஜிபிடி வந்த பிறகு இது இன்னும் முக்கியம். "கடல் அரிப்பு காரணங்கள்" என்று கேட்டால் அது கைடை விட அழகாக எழுதித் தந்துவிடும். பெரியதாழையில் போன வருடம் படகை எந்தப் பக்கம் ஏற்றினார்கள் என்பதை வீட்டில்தான் கேட்கணும்.

மார்க்கைத் தாண்டி எங்கே உதவும்?

யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் கட்டுரைக்குத் தனித்தாள், 250 மதிப்பெண், மூன்று மணி நேரத்தில் இரண்டு கட்டுரை. தமிழிலும் எழுதலாம்.

அதைவிட வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு விஷயம் இருக்கு. 2006-ம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, துறைமுகம் மாதிரியான பெரிய திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் உண்டு. அதற்கு 30 நாள் முன்னாடி அறிவிப்பு வரணும், அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் வைக்கப்படணும். கூட்டத்தில் பேசலாம், எழுத்தாகவும் கருத்து கொடுக்கலாம். கூட்டம் முடியும்போது, மக்கள் சொன்னவற்றின் தொகுப்பை அங்கேயே உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்டணும். தான் எழுதிக் கொடுத்தது அதில் இருக்கா, மாற்றி எழுதியிருக்கா என்று அந்த இடத்திலேயே எழுந்து கேட்கலாம்.