திரையில் அகமணம்: நிறம், பாலியல், வெகுசன ஊடகம்

அமெரிக்க சினிமாவில் கறுப்பர்கள் எப்படிச் சித்திரிக்கப்பட்டார்கள் என்று பேச ஆரம்பித்தால், பேச்சு பெரும்பாலும் ஒரு பட்டியலில் போய் முடிகிறது. விசுவாசமான வேலைக்காரி, சிரிப்பு மூட்டும் சோம்பேறி, வெறிபிடித்த முரடன் என்று வார்ப்புப் பிம்பங்களை வரிசைப்படுத்திவிட்டு, இதெல்லாம் பொய், உண்மையான கறுப்பர் இப்படியில்லை என்று நிறுத்திக்கொள்கிறோம். பாலியல் பற்றிய பேச்சு வேறொரு கட்டுரையில் தனியாக நடக்கும். பெண்ணுடல் பார்வைப் பொருளாவது, ஒருபால் விழைவு மறைக்கப்படுவது எல்லாம் அங்கே. இரண்டும் தேவையான பேச்சுகள்தான். ஆனால் இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்வரை, இந்தப் பிம்பங்கள் எந்தத் தேவைக்காக உற்பத்தி செய்யப்பட்டன என்ற கேள்விக்குப் பதில் கிடைக்காது. யார் யாரைத் தொடலாம், யார் யாரை விரும்பலாம், யார் யாரைப் பார்க்கலாம் என்ற பாலியல் சட்டத்தின் மேல்தான் இனம் பற்றிய பிம்பங்கள் நிற்கின்றன. இதை விளக்க, சினிமா விமர்சகர்கள் சாதாரணமாகத் துணைக்கு அழைக்காத ஒருவரை அழைக்கலாம். அம்பேத்கர்.

1

1916 மே 9 அன்று நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழக மானிடவியல் கருத்தரங்கு ஒன்றில், 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதிக்கே உரிய தனி இயல்பு என்று சொல்லத்தக்கது ஒன்றுதான், அது அகமணம் என்பது அவருடைய வாதம். குழுவுக்குள்ளேயே மணம் என்ற விதியைக் காப்பாற்ற வேண்டுமானால் குழுவுக்குள் ஆண் பெண் எண்ணிக்கை சமநிலையில் இருக்கவேண்டும். கணவன் செத்தால் மனைவி 'உபரி' ஆகிறாள், மனைவி செத்தால் கணவன் 'உபரி' ஆகிறான். உபரிப் பெண்ணை எரித்துவிடலாம், அல்லது காலமெல்லாம் விதவையாக அடைத்து வைக்கலாம். உபரி ஆணுக்கு வயதுக்கு வராத சிறுமியைக் கட்டிவைக்கலாம். உடன்கட்டையும் கட்டாய விதவைக் கோலமும் சிறுமி மணமும் இப்படி வந்தவை என்கிறார். புனிதம், பெருமை என்ற கதைகள் எல்லாம் இந்தப் பராமரிப்பு வேலைக்குப் பின்னால் கட்டப்பட்டவை.

அதே கட்டுரையில், சாதியை நிறத்தால் விளக்கிய ஐரோப்பிய அறிஞர்களை அவர் மறுக்கவும் செய்கிறார். தங்களுடைய நிற மனச்சாய்வை அவர்கள் நம்மீது ஏற்றிப் பார்த்தார்கள் என்கிறார். ஆகவே சாதியும் இனமும் ஒன்று என்று சொல்ல இங்கே அவரைப் பயன்படுத்த முடியாது. நாம் எடுத்துக்கொள்வது அவர் காட்டிய இயந்திரத்தை மட்டும். ஒரு குழு தன் எல்லையைப் பாலுறவின் மீது வேலி போட்டுக் காக்கிறது. அந்த வேலியைப் பராமரிக்க வழக்கங்களும் கதைகளும் அதற்கு வேண்டியிருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் அந்தக் கதைகளைச் சொல்லும் வேலை சினிமாவிடமும் பத்திரிகையிடமும் வந்து சேர்ந்தது.

2

அம்பேத்கர் அதை வாசிப்பதற்கு ஓராண்டு முன்னால், 1915இல், கிரிஃபித்தின் 'ஒரு தேசத்தின் பிறப்பு' வெளிவந்திருந்தது. படத்தின் அச்சாணி ஒரு துரத்தல். கஸ் என்ற கறுப்பன் ஒரு வெள்ளைப் பெண்ணைத் துரத்துகிறான், அவள் மலை உச்சியிலிருந்து குதித்துச் சாகிறாள், கூ க்ளக்ஸ் க்ளான் கும்பல் வந்து அவனைக் கொன்று 'தர்மத்தை' நிலைநாட்டுகிறது. கஸ்ஸாக நடித்தவர் முகத்தில் கரி பூசிய ஒரு வெள்ளைக்காரர். கறுப்பன் மீதான பயத்தை நடித்துக் காட்டவும் கறுப்பன் தேவைப்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஜார்ஜியாவில் அந்தக் கும்பல் மறுபடி தொடங்கப்பட்டது.

வரலாற்றில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1662இலேயே வர்ஜீனியாவில் ஒரு சட்டம் போட்டார்கள். பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்பது அந்தச் சட்டம். அடிமைப் பெண்ணிடம் எசமானுக்குப் பிறந்த பிள்ளையும் அடிமை, அதாவது சொத்து. வெள்ளை ஆண் வேலியைத் தாண்டினால் சொத்து பெருகும். கறுப்பு ஆண் தாண்டினான் என்று யாராவது சொன்னாலே உயிர் போகும். அநுலோமம், பிரதிலோமம் என்று நம் தர்மசாஸ்திரங்கள் பிரித்த அதே கணக்கு. வேலிக்குத் திசை உண்டு. சினிமா செய்த வேலை, நடந்த வன்முறையின் திசையைத் திருப்பிக் காட்டியது.

இந்த இடத்தில் வேலைக்காரி பிம்பத்தையும் மறுபடி பார்க்கலாம். 'கான் வித் த விண்ட்' (1939) படத்தில் ஹாட்டி மெக்டேனியல் ஏற்ற பாத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, வெறும் 'மாமி' தான். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை, ஆசை இல்லை. எசமான் வீட்டுக்குள் இரவும் பகலும் புழங்கும் கறுப்புப் பெண்ணை ஆசையே அற்றவளாக ஆக்கினால்தான் அந்த வீட்டுக்குள் என்ன நடந்தது என்ற கேள்வி எழாமல் இருக்கும். காமவெறி கொண்ட கறுப்பனும் காமமே இல்லாத கறுப்பியும் ஒரே பொய்யின் இரண்டு பாதிகள். மெக்டேனியல் 1940இல் ஆஸ்கர் வாங்கினார், அந்த விருதைப் பெற்ற முதல் கறுப்பர். விருது விருந்தில் அவருக்குத் தனி மேசை. ஆகப்பெரிய கௌரவத்தின்போதும் தொடமுடியாத தூரம் காப்பாற்றப்பட்டது.

3

பொய் இப்படித் தானாக ஓடிக்கொண்டிருக்கவில்லை. அதற்கு எழுத்து வடிவில் விதி இருந்தது. ஹாலிவுட் முதலாளிகள் 1930இல் ஏற்றுக்கொண்டு 1934 முதல் கறாராக நடைமுறைப்படுத்திய தயாரிப்பு விதித்தொகுப்பில் பாலுறவு பற்றிய பகுதியைப் பாருங்கள். நான்காவது விதி, 'பாலியல் பிறழ்வு' என்று அவர்கள் குறித்த ஒருபால் உறவைக் காட்டக்கூடாது, கோடி காட்டவும் கூடாது என்கிறது. ஆறாவது விதி வெள்ளை, கறுப்பு இனங்களுக்கிடையே பாலுறவு கூடாது என்கிறது. இரண்டும் ஒரே தாளில், ஒரே தலைப்பின்கீழ். விதியை எழுதியவர்களுக்கு இனமும் பாலியலும் வேறு வேறு விஷயங்களாகப் படவில்லை. நமக்குத்தான் அப்படிப் படுகிறது.

இந்த ஆறாவது விதி வெறும் முத்தக்காட்சியைத் தடுத்ததோடு நிற்கவில்லை. 1934இல் 'இமிடேஷன் ஆஃப் லைஃப்' படத்தை எடுக்கப் போனபோது தணிக்கை அலுவலகம் முட்டுக்கட்டை போட்டது. கதையில் இனக்கலப்பு உறவு எதுவும் கிடையாது. கறுப்புத் தாய்க்கு வெளுத்த நிறத்தில் ஒரு மகள் இருக்கிறாள், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் தோலே சாட்சி சொல்லிவிடும், எப்போதோ எவனோ வேலி தாண்டினான் என்று. உடலே குற்றப் பத்திரிகை ஆகிவிட்டது.

யாருக்குச் சோறு கிடைக்கும் என்பதையும் இந்த விதி தீர்மானித்தது. லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங், அப்போதே உலகம் அறிந்த நட்சத்திரம். 'த குட் எர்த்' (1937) படத்தில் சீனக் குடியானவப் பெண் பாத்திரம் அவருக்குக் கிடைக்கவில்லை. கணவன் பாத்திரம் வேடமிட்ட வெள்ளை நடிகருக்குப் போயிருந்தது; அவருக்கு மனைவியாக உண்மையான சீனப் பெண் எப்படி நடிக்க முடியும்? அதுவும் இன்னொரு வெள்ளை நடிகைக்குப் போனது, அவருக்கு ஆஸ்கரும் கிடைத்தது. அன்னாவுக்குக் கொடுக்க முன்வந்தது ஆசைநாயகி வேடம். வேண்டாம் என்றார். விதியில் எழுதியிருந்தது கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். நடைமுறையில் அது ஆசியர் மீதும் நீண்டது. 1949இல் 'பிங்கி' படம் வெள்ளையாகத் தோற்றமளிக்கும் கறுப்புப் பெண்ணின் கதையைச் சொன்னது. அவளுடைய காதலன் வெள்ளை டாக்டர். ஆகவே கறுப்புப் பெண்ணாக ஜீன் கிரெய்ன் என்ற வெள்ளை நடிகை நடித்தார். கதைப்படி இனம் கலக்கலாம், படப்பிடிப்புத் தளத்தில் கலக்கக்கூடாது.

பார்வையாளனையும் வேலிக்கு உள்ளே, வெளியே என்று பிரித்தார்கள். இந்த இடத்தில் நம்ம ஊர் ஆள் ஒருவர் வருகிறார். அமெரிக்கப் படங்களில் வெள்ளைப் பெண்கள் அரைகுறை ஆடையில் ஆடுவதையும் முத்தமிடுவதையும் 'சுதேசிகள்' பார்த்தால் ஆட்சியின் மரியாதை என்னாவது என்ற பதற்றம் 1920களில் காலனி அதிகாரிகளைப் பிடித்து ஆட்டியது. 1927இல் அமைக்கப்பட்ட இந்திய சினிமாட்டோகிராஃப் குழுவின் பின்னணியில் இந்தக் கவலையும் இருந்தது, பிரிட்டிஷ் படங்களுக்குச் சந்தை பிடிக்கும் கணக்கும் இருந்தது. தலைவர் சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார். 350க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்து 1928இல் அறிக்கை கொடுத்த குழு, அந்தப் புகார்கள் மிகைப்படுத்தப்பட்டவை என்ற முடிவுக்கே வந்தது. புகாரின் தர்க்கம்தான் நமக்கு முக்கியம். அங்கே கறுப்பன் வெள்ளைப் பெண்ணைத் தொடக்கூடாது. இங்கே இந்தியன் அவளைத் திரையில் பார்ப்பதுகூட ஆபத்து.

4

இனக்கலப்புத் தடை 1956இலும் ஒருபால் உறவுத் தடை 1961இலும் தளர்ந்தன. 1968இல் தொகுப்பே போய்விட்டது. 1967 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 16 மாநிலங்களில் மிச்சமிருந்த கலப்புமணத் தடைச் சட்டங்களைச் செல்லாதவையாக்கியது. அப்புறம் வேலி போய்விட்டதா?

அதே ஆண்டு டிசம்பரில் 'கெஸ் ஹூ இஸ் கமிங் டு டின்னர்' வந்தது. வெள்ளைப் பெண்ணைக் கட்டிக்கொள்ள சிட்னி பாய்டியே உலகப் புகழ்பெற்ற டாக்டராக இருக்கவேண்டியிருந்தது. கல்யாணத்துக்கு முன் அவளைத் தொடாதவனாக, பெற்றோர் சம்மதம் இல்லாவிட்டால் விலகிப் போகத் தயாரானவனாகவும் இருக்கவேண்டியிருந்தது. அவர்கள் முத்தமிடுவது ஒரே ஒருமுறை, அதுவும் டாக்சிக்காரரின் கண்ணாடியில் தெரிகிறது. 'நல்ல பிம்பம்' வேண்டும் என்று கேட்டால் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். வெறியனுக்குப் பதிலாக ஆசையைக் கழித்துவிட்ட உத்தமன். அடுத்த ஏப்ரலில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் பதிவில், பாடகி பெட்டுலா கிளார்க் பாடிக்கொண்டே ஹாரி பெலஃபான்டேயின் கையைத் தொட்டார். விளம்பரம் கொடுத்த கார் கம்பெனியின் ஆள் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டார். கிளார்க் விட்டுக்கொடுக்கவில்லை. சட்டம் போய் ஓராண்டு ஆகப்போகிறது, வேலியை இப்போது சந்தை பார்த்துக்கொள்கிறது.

பிறகு சந்தை வேறு வழியையும் கற்றுக்கொண்டது. 1992இல் பெல் ஹூக்ஸ் இதைச் 'சாப்பிடுதல்' என்ற உருவகத்தால் விளக்கினார். வெள்ளைப் பண்பாட்டின் உப்புச்சப்பில்லாத சாப்பாட்டுக்கு 'மற்றமை' மசாலாவாகிறது. கறுப்பு உடல் இப்போது தடைசெய்யப்பட்டது அல்ல, விற்கப்படுவது. மியூசிக் வீடியோவில், ஃபேஷன் விளம்பரத்தில். தின்பவன் மாறுவதில்லை, தின்னப்படுவதற்குத்தான் குரல் கிடையாது.

பழைய கஸ்ஸும் சாகவில்லை. 1988 அதிபர் தேர்தலில், சிறையிலிருந்து விடுப்பில் வெளியே வந்து குற்றம் செய்த வில்லி ஹார்ட்டன் என்ற கறுப்பரின் முகத்தைத் தொலைக்காட்சி விளம்பரமாக்கி டுகாகிஸுக்கு எதிராக ஓட்டுத் திரட்டினார்கள். அடுத்த பலி மார்லன் ரிக்ஸ். கறுப்பர், ஒருபால் விழைவு கொண்டவர், ஆவணப்பட இயக்குநர். கறுப்பு ஆண்கள் ஒருவரை ஒருவர் நேசிப்பதைக் கவிதையும் தன் கதையுமாகச் சொன்ன 'டங்ஸ் அன்டைட்' (1989) அவருடையது. விதித்தொகுப்பின் நான்காவது விதியும் ஆறாவது விதியும் போட்ட வேலிக்கு வெளியே நின்று எடுத்த படம். 1991இல் பொதுத் தொலைக்காட்சி அதை ஒளிபரப்ப எடுத்துக்கொண்டபோது பல நிலையங்கள் மறுத்தன. 1992இல் பாட் புக்கானன் அதிலிருந்து துண்டுகளை எடுத்துத் தேர்தல் விளம்பரம் செய்தார். ரிக்ஸ் இதற்குப் பத்திரிகையில் பதில் எழுதினார். புதிய வில்லி ஹார்ட்டன் யார் என்று கேட்டால் தான்தான் என்பது அதன் சாரம். 1994இல் எய்ட்ஸ் நோயால் இறந்தார். இரண்டு கறுப்பு ஆண்களின் காதலைச் சொன்ன 'மூன்லைட்' 2017இல் ஆஸ்கர் வாங்கியபோது அவர் இல்லை.

5

இதெல்லாம் அமெரிக்கக் கதை, நமக்கு என்ன என்று கேட்கலாம். 2012 நவம்பரில் தர்மபுரி மாவட்டம் நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில், ஒரு சாதிமறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. அந்த மாதங்களில்தான் 'நாடகக் காதல்' என்ற சொல் மேடைகளிலும் பத்திரிகைகளிலும் புழங்கியது. ஜீன்ஸ் போட்டு, கூலிங்கிளாஸ் போட்டு மயக்குகிறான் என்று ஒரு பிம்பம் கட்டப்பட்டது. பெண்ணுக்குச் சொந்தமாக ஆசை இருக்கமுடியும் என்பதை அந்தச் சொல் ஒப்புக்கொள்வதே இல்லை. கஸ்ஸின் கதையிலும் அந்த வெள்ளைப் பெண்ணுக்குக் குதிப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. 'மனைவி', 'மகள்' என்ற பெயரில் பெண்ணைக் காவலில் வைக்காமல் அகமணம் நிற்காது என்று 1916இல் சொன்ன வாதம், இரண்டு இடத்துக்கும் பொருந்துவது தற்செயல் இல்லை.

ஆகவே ஊடகப் பிரதிகளை வாசிக்கும்போது, ஒடுக்கப்பட்டவர் நல்லவராகக் காட்டப்படுகிறாரா, கெட்டவராகவா என்ற கேள்வி போதாது. கதையில் ஆசைப்படும் உரிமை யாருக்கு இருக்கிறது? வேலி எந்தத் திசையில் திறக்கிறது, எந்தத் திசையில் மூடுகிறது? அதைத் தாண்டியதற்கான விலையை எந்த உடல் கொடுக்கிறது? இந்தக் கேள்விகளைப் படத்துக்கு மட்டுமல்ல, செய்தித்தாளின் ஆறு வரிச் செய்திக்கும் வைக்கலாம்.

வழிகாட்ட ஆள் உண்டு. 1892இல் மெம்ஃபிஸில் மூன்று கறுப்பு மளிகை வியாபாரிகளைக் கும்பல் கொன்றது. அவர்களுடைய தோழியான ஐடா பி. வெல்ஸ், பாலியல் வன்முறைக்குத் தண்டனை என்று சொல்லித்தான் இப்படிப்பட்ட கொலைகளெல்லாம் நியாயப்படுத்தப்படுகின்றன என்பதைத் தன் பத்திரிகையில் போட்டு உடைத்தார். பத்திரிகை அலுவலகம் நொறுக்கப்பட்டது, அவர் ஊர் திரும்ப முடியவில்லை. 1895இல் வெளியிட்ட தன் நூலுக்கு அவர் ஒரு வெள்ளைப் பத்திரிகை வெளியிட்ட கணக்கையே எடுத்துக்கொண்டார். கொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் மீதுதான் அந்தக் குற்றச்சாட்டே சொல்லப்பட்டிருந்தது என்று அதிலிருந்தே எண்ணிக் காட்டினார். எதிரியின் பத்திரிகையை எண்ணிக்கையோடு வாசிக்கிற இந்த வேலையை நம் மாவட்டச் செய்திப் பக்கங்களிலிருந்து தொடங்கலாம்.