கேமராவில் தெரியாத ஜெல்லி மீன்!

அமெரிக்காவின் ஹவாய் மாநிலத் தலைநகர் ஹோனலூலு. அங்குள்ள வைக்கிக்கி கடற்கரையை வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட் கேமராவில் நேரடியாகப் பார்க்கலாம்.

இங்கே காலை 6 மணி என்றால் அங்கே முந்தின நாள் பகல் 2.30. சுள்ளென்ற வெயில், அலைச்சறுக்கு ஆட்டம், 760 அடி உயர டைமண்ட் ஹெட் எரிமலை (அணைந்துபோனது) எல்லாமே பளிச்! "குளிச்சா இங்கேதான் குளிக்கணும்" என்று தோன்றும்.

உஷார்!

பவுர்ணமி முடிந்து 8 முதல் 10 நாளில் பெட்டி ஜெல்லி மீன்கள் கரையோரம் கூட்டமாக வரும். கண்ணாடி போன்ற உடம்பு. கேமராவில் மட்டுமல்ல, பக்கத்தில் வந்தாலும் தெரியாது. கொட்டினால் துடிதுடிக்க வேண்டியதுதான். சிலருக்கு மூச்சே திணறும்.

கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது. வினிகர் ஊற்ற வேண்டும். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தால் தண்ணீரில் இறங்கவே கூடாது.

டிக்கெட் போடும் முன் கேமராவோடு காலண்டரையும் பாருங்கள். பவுர்ணமி என்றைக்கு?