வீட்டுக் கணக்கில் காணாமல் போகும் தட்டு

கிராமத்தில் 2212 கிலோகலோரி, நகரத்தில் 2240. இந்தியர் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாகப் பெறும் உணவு ஆற்றலாக, 2023-24 வீட்டு நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு தரும் எண்கள் இவை. இவற்றை வைத்துக்கொண்டு நாடு வயிறாரச் சாப்பிடுகிறது என்று வாதாடலாம். பசி தீரவில்லை என்றும் வாதாடலாம். ஆனால் இந்தக் கணக்கெடுப்பு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல உருவானது என்பதை முதலில் பார்த்துவிட வேண்டும்.

பெயரிலேயே இருக்கிறது, செலவு. ஒரு குடும்பம் என்ன வாங்கியது, எவ்வளவு பயன்படுத்தியது என்பதே அதன் அக்கறை. எண்ணெய், காய்கறி, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றுக்குக் கடந்த 7 நாள் கணக்கு. அரிசி, பருப்பு, பாலுக்கு 30 நாள் கணக்கு. அந்த அளவுகளைச் சத்து அட்டவணையோடு பெருக்கி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துச் சொல்கிறார்கள். கிராமப்புறக் குடும்பச் செலவில் உணவின் பங்கு 2022-23-ல் 46 சதவீதமாக இறங்கியது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. விலைவாசிக் குறியீட்டில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்று தீர்மானிக்கவும் இதுதான் வேண்டும்.

கேள்வித்தாளில் சின்ன மாற்றம் செய்தாலே விடை எப்படிப் புரளும் என்பதற்கு 1999-2000 கணக்கெடுப்பு சாட்சி. அப்போது உணவுப் பொருள்களுக்கு 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் ஒரே வீட்டில் அடுத்தடுத்துக் கேட்டார்கள். ஒரு பதில் இன்னொன்றைப் பாதித்துவிட்டது. வறுமை 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்தது நிஜமா, கேள்வி கேட்ட விதத்தால் வந்ததா என்று பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள்.

இன்னொரு சங்கடம், சாப்பாடு யார் கணக்கில் ஏறுகிறது என்பது. எந்த வீட்டு அடுப்பில் சமைத்தார்களோ அந்த வீட்டுக் கணக்கில்தான் அது சேரும். வீட்டு வேலைக்கு வரும் பெண் காலையில் அங்கே சாப்பிடும் இரண்டு இட்லி, முதலாளி வீட்டார் தின்றதாகப் பதிவாகும். அந்தப் பெண்ணின் வீட்டுக் கணக்கில் அது வராது. இருப்பவர் உண்டதைக் கூட்டியும் இல்லாதவர் உண்டதைக் குறைத்தும் காட்டக்கூடிய ஏற்பாடு இது. பிறர் வீட்டில் சாப்பிட்ட வேளைகளைக் கணக்கில் கொண்டு ஓரளவு சரிக்கட்டலாம், முழுக்க முடியாது.

என்னை உறுத்துவது இதைவிடப் பெரியது. வீட்டுக்குள் வந்த அரிசியும் பருப்பும் யார் தட்டில் விழுந்தன என்பது இந்த எண்களில் இல்லவே இல்லை. தலைக்கு வகுப்பதற்குப் பதிலாக, அதிக உடலுழைப்பில்லாத ஆணை 1 என்றும் பெண்ணை 0.8 என்றும் வைத்துப் பங்கு போடும் முறையும் உண்டு. அவரவர் தேவைக்கு ஏற்பச் சாப்பாடு பகிரப்படுகிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கும் கணக்கு அது. நாம் கண்டுபிடிக்க வேண்டியதே அதைத்தானே! குடும்ப அட்டையைப் பார்த்து ரத்த வகை சொல்ல முடியாது.

தட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ஆளைக் கேட்க வேண்டும். நேற்று காலையிலிருந்து இரவு வரை என்ன சாப்பிட்டீர்கள் என்று, அளவுக் கிண்ணங்களைக் காட்டி, வேளை வேளையாகக் கேட்கும் முறை இருக்கிறது. அதிலும் கேட்கத் தெரிய வேண்டும். “நேத்து ராத்திரி என்னக்கா சாப்பிட்டீங்க?” என்றால், “அவருக்கும் பையனுக்கும் முட்டைக் குழம்பு வெச்சேம்மா” என்றுதான் பதில் தொடங்கும். “சரிக்கா, நீங்க?” “நான் என்னத்த... இருந்த குழம்ப ஊத்தித் தின்னேன்.” முட்டை இருந்ததா என்று மூன்றாவது முறை கேட்டால்தான் இல்லை என்று வரும். வீட்டுக் கணக்கில் அந்த முட்டைகள் அந்தப் பெண்ணின் பங்கிலும் சேர்ந்திருக்கும்.

ஒரே ஒரு நாளைக் கேட்டாலும் போதாது. செவ்வாய்க்கிழமை முருங்கைக்கீரைப் பொரியல் சாப்பிட்டவர் மறுநாள் ரசச் சோற்றோடு முடித்துக்கொள்வார். ஊர் சராசரிக்கு ஒரு நாள் கணக்கு சரிதான். எத்தனை பேருக்குச் சத்துக் குறைவு என்று சொல்ல, சிலரிடமாவது தொடர்ச்சியற்ற இரண்டு நாள்களில் கேட்டு, நாளுக்கு நாள் வரும் ஏற்ற இறக்கத்தைக் கழிக்க வேண்டும். எந்த அளவுகோலோடு ஒப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். 2020-ல் வெளியான இந்திய அளவுகளின்படி, பெண்ணுக்குப் பரிந்துரைக்கப்படும் இரும்புச்சத்து நாளொன்றுக்கு 29 மில்லிகிராம்; சராசரித் தேவையோ 15 மில்லிகிராம்தான். குறைபாடுள்ளவர் எத்தனை சதவீதம் என்று கணக்கிட 15-ஐத்தான் எடுக்க வேண்டும். 29-ஐ எடுத்தால் ஊரே குறைபாட்டில் விழும்.

தேசியக் குடும்பநல ஆய்வு பெண்ணிடம் நேரடியாகப் பேசுகிறது, உண்மை. ஆனால் பால், பருப்பு, கீரை, முட்டை, மீன் தினமுமா, வாரம் ஒருமுறையா, எப்போதாவதா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. ஒரு துண்டு மீனும் நான்கு துண்டு மீனும் அங்கே ஒன்றுதான்.

நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு, தமிழ்நாட்டில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று அதே ஆய்வின் 2019-21 சுற்று சொல்கிறது. இதற்கு மருந்தாக ரேஷன் கடை வரை இரும்புச்சத்து செறிவூட்டப்பட்ட அரிசி வந்தது. அது யாருக்குத் தேவை, யாருக்கு ஏற்கெனவே போதுமான இரும்பு கிடைக்கிறது என்று தெரிய, பெண்களின் வழக்கமான உணவைத் தனித்தனியே அறிந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் போய் உணவை அளந்தும் கேட்டும் எழுதிவந்த தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்புப் பணி, 1972-ல் தொடங்கி, தமிழ்நாடு உட்படச் சில மாநிலங்களில் நடந்து, 2015-ல் நின்றுபோனது. அந்த இடைவெளியைச் செலவுக் கணக்கால் நிரப்பப் பார்ப்பது தவறு.

தனிநபர் உணவாய்வுக்குப் பணமும் பயிற்சி பெற்ற ஆள்களும் நிறைய வேண்டும், லட்சக்கணக்கான வீடுகளில் நடத்த முடியாது என்பார்கள். எல்லா வீட்டிலும் வேண்டாம். செலவுக் கணக்கெடுப்புக்குத் தேர்ந்தெடுத்த வீடுகளில் ஒரு சிறு பகுதியில் மட்டும், பெண்களிடம் தனியே, இரண்டு நாள்கள் கேட்டால் போதும். அடுத்த சுற்றுக்குக் கேள்வித்தாள் அச்சாகும் முன் இதைச் சேர்க்க வேண்டும். அதுவரை, கணக்கெடுக்க உங்கள் வீட்டுக்கு யாராவது வந்தால் சமையலறையில் இருப்பவரை முன்னால் உட்கார வையுங்கள். அவர் சாப்பிட்டதை அவரே சொல்லட்டும்.