இரு நீர், இரு வழி

தேக்காச் சந்தையின் கூரையில் விழும் மழைநீரும் உள்ளே மீன் கழுவிய நீரும் ஒன்றாய்க் கலப்பதில்லை. முன்னது ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்தை அடைந்து, தூய்மை பெற்றுக் குடிநீராகிறது. பின்னது சாக்கடைக் குழாயில் இறங்கித் தூய்விக்கும் நிலையத்துக்குச் செல்கிறது. சிங்கப்பூரின் கழிவுநீர் ஏற்பாடு முழுவதும் இப்பிரிவினையின்மேல் எழுந்ததே. இலண்டனின் பழைய குழாய்கள் மழையையும் கழிவையும் சேர்த்தே ஏற்றன. பெருமழை நாளில் கலவைநீர் தேம்சு ஆற்றில் வழிந்தது. ஆண்டு முழுதும் வான் பொழியும் தீவுக்கு அம்முறை ஒவ்வாது.

குழாய் எல்லா வீடுகளையும் எட்ட நெடுங்காலம் ஆயிற்று. பழைய கடைவீடுகளின் பின்சந்துகளில் மலம் வாளிகளில் அள்ளப்பட்டது. அவ்வழக்கம் முற்றும் ஒழிந்தது 1987இல்தான். வானளாவும் கட்டடங்களைக் கொண்டு நகரின் வளர்ச்சியை அளப்போர் இவ்வாண்டை மறந்துவிடுகின்றனர்.

கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் நீளும், கழிவுநீர் ஏந்தும் ஆழ்சுரங்கம் 2008இல் நிறைவுற்றது. நிலத்துக்குக் கீழே 20 முதல் 55 மீட்டர் ஆழத்தில், 6 மீட்டர்வரை விட்டத்துடன் அது செல்கிறது. வழியில் நீரை உந்த எக்கிகள் இல்லை. சரிவில் தானே ஓடிவரும் நீரைச் சாங்கியில்தான் எக்கிகள் மேலேற்றுகின்றன.

சுரங்கத்தின் பகைவன் கண்ணுக்குப் புலப்படாதவன். உயிர்வளி குன்றிய கழிவில் நுண்ணுயிர்கள் ஐதரசன் சல்பைடு வளியை விடுகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. அவ்வளி மேலெழுந்து கூரையின் ஈரத்தில் படிய, அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக்குகின்றன. அமிலம் கற்காரையை அரிக்கிறது. ஓடும் நீர் தொடாத கூரை, நீரில் மூழ்கிய அடித்தளத்தைவிட விரைந்து கெடுவது இதனால்தான். எனவே சுரங்கத்தின் உட்புறம் பாலித்தீன் தகடு போர்த்தப்பட்டது.

2009இல் திறக்கப்பட்ட சாங்கி நிலையம், நாளொன்றுக்கு 800,000 கன மீட்டர் நீரை 32 எக்டேர் நிலத்தில் தூய்விக்குமாறு அமைந்தது. இடம் அரிதாகலின் தொட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டன. காற்றூட்டிய தொட்டிகளில் நுண்ணுயிர்த் திரள் கரிமக் கழிவை உண்டு பெருகும். அம்மோனியாவை அகற்றுவதே அரிய பணி. அது கடலோரத்தில் மிகுந்தால் பாசி பெருகி மீனினம் நலியும். வெப்பமண்டலத்தில் 30 பாகை அளவில் வெதுவெதுப்பாய் வரும் இந்நீரில் அனாமாக்சு நுண்ணுயிர்கள் தாமே குடியேறி, குறைந்த காற்றில் அவ்வேலையைச் செய்வதை ஆய்வாளர் இங்கே கண்டனர். குளிர்நாட்டு நிலையங்கள் அரும்பாடுபட்டுத் தேடும் பேறு அது.

நிலையத்தின் கூரைமீதே, தூய்வித்த கழிவுநீரை மேலும் தூய்மையாக்கும் நியூவாட்டர் ஆலை அமைந்துள்ளது. நுண்வடிப்பு, எதிர்ச்சவ்வூடு பரவல், புறஊதா ஒளி என்னும் மூன்றையும் கடந்த அந்நீரைப் பெரிதும் வாங்குவோர் மின்னணுச் சில்லு செய்யும் ஆலையினர். வறண்ட காலத்தில் ஒரு பங்கு நீர்த்தேக்கங்களிலும் கலக்கிறது. எஞ்சிய தூய்வித்த நீர் 5 கிலோமீட்டர் நீளக் குழாய்களில் ஆழ்கடல் சேர்கிறது. 2002ஆம் ஆண்டு தேசிய நாளில் ஏறத்தாழ 60,000 பேர் நியூவாட்டர் புட்டிகளை உயர்த்திப் பருகினர். புகழ் புட்டிக்கே சென்றது. சுரங்கத்துக்கு அதில் பெரும்பங்கு உண்டு என்பேன்.

மேற்கே துவாசு நோக்கிய இரண்டாம் கட்டச் சுரங்கம் 2023இல் தோண்டி முடிக்கப்பட்டது. அங்கு எழும் நிலையத்தில் கழிவுநீர்ச் சேற்றோடு உணவுக் கழிவையும் சேர்த்து நொதிக்கவைத்து, கிடைக்கும் எரிவளியால் மின்னாக்கம் செய்வது திட்டம்.