பயோகெமிஸ்ட்ரி: உருப்போட்டால் போதுமா?

மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காத பிள்ளைகளில் பலர் பி.எஸ்சி.யில் பயோகெமிஸ்ட்ரி எடுக்கிறார்கள். டாக்டர் படிப்புக்கு இது பக்கத்து வீடுதானே என்று பெற்றோரும் மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள். முதல் பருவத் தேர்வு வந்ததும்தான் சங்கடம் புரிகிறது.

மைசூருவில் இந்தப் படிப்புக்குக் குறைவில்லை. 1916-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் இருக்கிறது. யுவராஜா கல்லூரி இருக்கிறது. ரயில்வே பணிமனைக்கும் ஆலைகளுக்கும் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பங்களில், வீட்டின் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. அதனால் உருப்போடுவதே வழி என்று ஆகிவிடுகிறது.

குளுக்கோஸ் உடைவது 10 படிகளில் நடக்கிறது. படிக்கு ஒரு என்சைம். பத்துப் பெயரையும் இரவு முழுக்க எழுதி எழுதிப் பார்க்கிறார்கள். "ஏன்?" என்று கேள்வித்தாள் கேட்டால் பேனா நின்றுவிடுகிறது.

அரசிக்கெரே ஜங்ஷன்

பெயர்களைவிட ஜங்ஷன்களைத் தெரிந்துகொள்வது முக்கியம். பத்தாவது படியில் வரும் பைருவேட், அரசிக்கெரே மாதிரி ஒரு சந்திப்பு. ஆக்சிஜன் இருந்தால் ஒரு பாதை. வேகமாக ஓடும் தசைக்கு ஆக்சிஜன் போதாவிட்டால் வேறு பாதை. அங்கே அது லாக்டிக் அமிலமாகிறது.

ஏன் அப்படி? குளுக்கோஸ் உடையும்போது என்.ஏ.டி. என்ற பொருள் சுமை ஏற்றிக்கொண்டு நிற்கிறது. அந்தச் சுமையை இறக்கத்தான் இந்த ஏற்பாடு. காலி வாகன் திரும்பி வராவிட்டால் அடுத்த சரக்கை எதில் ஏற்றுவது? இட்லி மாவு புளிப்பதும் இதே வேலையால்தான். மாவிலுள்ள பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன.

இதில் மிஞ்சும் லாபம், ஒரு குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. ஆக்சிஜன் பாதையில் முழுவதும் போனால் பழைய புத்தகங்கள் 38 என்கும். புதியவை 30 அல்லது 32 என்கும். நடைபாதையில் பழைய புத்தகம் வாங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அந்த ஏ.டி.பி.யை 1929-ல் கண்டறிந்தவர்களில் ஒருவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மெட்ரிகுலேஷனை மூன்றாவது முறைதான் தேறினார்.

எச்சில் பரிசோதனை

ஆய்வுக்கூடத்தில் பிள்ளைகள் முகம் சுளிக்கும் பரிசோதனை ஒன்று உண்டு. மாவுக்கஞ்சியில் அயோடின் விட்டால் கருநீலம். எச்சிலைக் கலந்து இளஞ்சூட்டில் வைத்தபின் அயோடின் விட்டால் அந்த நிறம் வருவதில்லை. எச்சிலைக் கொதிக்க வைத்துக் கலந்தால் நீலம் அப்படியே நிற்கும். என்சைம் ஒரு புரதம், சூட்டில் கெட்டுவிடும் என்பதற்குப் பத்துப் பக்கப் பாடத்தைவிட இந்தக் கண்ணாடிக் குழாய் மேல்.

இந்தப் படிப்பு எங்கே கொண்டுபோய்விடும் என்று கேட்பவர்கள் செலுவாம்பா மாளிகையைப் பார்க்கலாம். 1950-ல் அங்கே தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநர் வி. சுப்பிரமணியன், அதற்கு முன் பெங்களூரு இந்திய விஞ்ஞானக் கழகத்தில் பயோகெமிஸ்ட்ரி பேராசிரியர். எருமைப்பாலில் கொழுப்பு அதிகம். அதன் புரதம் குழந்தை வயிற்றில் கெட்டியாகத் திரளும். அதைப் பதப்படுத்திக் குழந்தை உணவாக்கும் முறையை இந்த நிலையம் கண்டுபிடித்தது. அமுல் நிறுவனம் அதைக் கடைக்குக் கொண்டுவந்தது.

மாணவர்கள் எதிர்பாராமல் இடறும் இடம் கணக்கு. பி.எச். 7-க்கும் 4-க்கும் வித்தியாசம் மூன்றுதானே என்று நினைக்கிறார்கள். அமிலத்தன்மையில் அது 1,000 மடங்கு. ரத்தத்தின் பி.எச். 7.4-ஐ விட்டுச் சற்று விலகினாலும் ஆபத்து என்பது அப்போதுதான் விளங்கும். பி.யு.சி.யோடு லாக் கணக்கை மூட்டை கட்டியவர்கள், வகுப்பு தொடங்குமுன் அதை மறுபடி அவிழ்க்க வேண்டியிருக்கும்.