அரிசி டப்பாவைக் காலி செய்த மகளும், கம்பு இடித்த மாமியாரும்!

பச்சரிசியை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டு நறுக் நறுக்கென்று மெல்லும் பெண் பிள்ளை இல்லாத வீடு உண்டா, தோழிகளே? "அரிசியைத் தின்னாதடி, கல்யாணத்தன்னைக்கு மழை கொட்டும்" என்று ஒரு அதட்டல் போட்டு டப்பாவைப் பிடுங்கி வைப்போம். அதோடு விஷயம் முடிந்துவிடும். எங்கள் வீட்டில் முடியவில்லை.

மூத்தவள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். 2024 ஜூலை மாதம் அது. மாடியில் காயப்போட்ட துணியை எடுத்துவரச் சொன்னால், பாதிப் படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். சீப்பு நிறைய முடி. தம்பி சும்மா கூப்பிட்டால்கூட எரிந்து விழுவாள். "ராத்திரி பூரா போனை நோண்டுனா இப்படித்தான் இருக்கும்" என்று அவள் அப்பா ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டு மில்லுக்குப் போய்விட்டார். ஒருநாள் கல்லூரிப் பஸ்ஸில் மயங்கிச் சரிந்து, இரண்டு தோழிகள் கைத்தாங்கலாகக் கூட்டி வந்ததும்தான் டாக்டரிடம் போனோம்.

டாக்டரம்மா அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அரிசி திங்கிறியாம்மா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டு அரிசி டப்பா கதை இவருக்கு எப்படித் தெரியும்?

உடம்பில் இரும்புச் சத்து குறைந்தால் அரிசி, சாம்பல், மண், ஐஸ் கட்டி என்று எதையாவது தின்னத் தோன்றுமாம். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும். மூன்று வேளையும் சோறு, கொறிக்க முறுக்கு, ஞாயிற்றுக்கிழமை கறி என்று வளர்ந்த பிள்ளைக்கு ரத்த சோகையா என்று எனக்கு நம்பவே முடியவில்லை. டாக்டரம்மா, "உங்க வீட்டுல மட்டும் இல்லம்மா" என்றார். உண்மைதான். 2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்த சோகை இருந்திருக்கிறது. பாதிக்கு மேல்! நம் தெருவில் ஒரு வீடு விட்டு ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பூச்சி மாத்திரை ஒன்று, தினமும் இரும்புச் சத்து மாத்திரை ஒன்று என்று எழுதிக் கொடுத்தார். "கீரை, கம்பு எல்லாம் குடுங்க. ஆனா அதை நம்பி மாத்திரையை நிறுத்திராதீங்க. ரத்தம் சரியானப்புறமும் மூணு மாசம் சாப்பிடணும்" என்று கண்டிப்பாகச் சொன்னார். இதை ஏன் இவ்வளவு அழுத்தி எழுதுகிறேன் என்றால், விஷயம் தெரிந்ததும் பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில் எல்லாம் "மாத்திரை சூடு, பீட்ரூட் ஜூஸ் குடு, மாதுளம்பழம் குடு" என்று ஒரே உபதேசம். பீட்ரூட்டும் மாதுளையும் நல்லவைதான். ஆனால் சிவப்பாக இருப்பதற்கும் இரும்புச் சத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டிலுமே அது கொஞ்சம்தான் இருக்கிறது.

இனிமேல்தான் எங்கள் மாமியார் வருகிறார்.

நான் மன்னார்குடிப் பக்கம். நெல் விளைகிற ஊர். கம்பு என்றால் புறாவுக்குப் போடுவார்கள் என்ற அளவில்தான் எனக்குத் தெரியும். மாமியாரோ சாத்தூர் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். அருப்புக்கோட்டைக்கு நான் வாழ வந்து 22 வருடம் ஆகிறது. இத்தனை வருடத்தில் அவர் ஒருநாள்கூட "கம்பு காய்ச்சு" என்று என்னிடம் கேட்டதில்லை. "அது இல்லாத காலத்துச் சாப்பாடு" என்பார். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் பொங்கிய வீட்டில் வளர்ந்தவர். பேத்திக்குக் கம்பங்கூழ் கொடுப்பதைக் கௌரவக் குறைச்சலாக நினைத்தாரோ என்னவோ.

டாக்டர் கம்பு என்று சொன்னதும் அவருடைய முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எங்க, கிலோ ரெண்டு வாங்கியாரச் சொல்லு" என்று சேலையை இழுத்துச் செருகிவிட்டார். கம்பில் தண்ணீரைத் தெளித்துப் பிசிறி, பத்து நிமிடம் விட்டு உரலில் இடித்தால் உமி கழன்று வருகிறது. முறத்தில் புடைத்து உமியைப் போக்கி, மறுபடி இடித்துச் சலித்தால் மேலே நொய், கீழே மாவு. நொய்யை முதலில் கொதிக்க விட்டு, அது வெந்ததும் மாவைக் கரைத்து ஊற்றித் துடுப்பால் கிண்ட வேண்டும். கை ஓய்ந்தால் கட்டி தட்டிவிடும். ஆறியதும் உருண்டை பிடித்து மண்சட்டித் தண்ணீரில் போட்டு வைத்தால், மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். வெஞ்சனம் சின்ன வெங்காயம், மோர் மிளகாய், சீனியவரைக்காய் வத்தல்.

உரல் இல்லாத தோழிகள் கவலைப்பட வேண்டாம். பிசிறி வைத்த கம்பை மிக்சியில் போட்டு, விட்டு விட்டு இரண்டு சுற்று ஓட்டினால் போதும்.

முதல் நாள் மகள் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்ன அப்பத்தா, சிமெண்ட் கலவை மாதிரி இருக்கு" என்றாள்.

"சிமெண்ட்டு போட்டாத்தாண்டி கட்டடம் நிக்கும்" என்றார் மாமியார், சட்டியை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

கூழோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை என்று நான் தோசைக்கு மாறினேன். கம்பு 2 ஆழாக்கு, இட்லி அரிசி 1 ஆழாக்கு, உளுந்து அரை ஆழாக்கு, வெந்தயம் ஒரு ஸ்பூன். ஆறு மணி நேரம் ஊறப்போட்டு அரைத்து, ராத்திரி முழுக்கப் புளிக்க விட வேண்டும். ஊறுவதும் புளிப்பதும் ருசிக்கு மட்டும் இல்லை. தானியத்தில் இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் உண்டாம். புளிக்கும்போது அது குறைந்து, சத்து உடம்பில் சேருகிறது. 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. தீட்டிய அரிசியில் 1 மில்லிகிராம்கூட இல்லை. தோசை சாம்பல் நிறமாகத்தான் வரும். பூண்டு வைத்த காரச் சட்னி இருந்தால் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? சின்னவன் ஏழு தோசை தின்றான். அவனுக்கு ரத்தம் ஏற்கெனவே நன்றாகத்தான் இருக்கிறது!

முருங்கைக் கீரைக்கு ஒரு யோசனை. கீரையை உருவ நேரம் இல்லாமல்தான் நம்மில் பலர் வாங்குவதே இல்லை. ராத்திரி கொத்தோடு ஒரு துணியில் இறுக்கிச் சுற்றி வைத்துவிடுங்கள். காலையில் உதறினால் இலை தானாக உதிர்ந்துவிடும். அடையில் போடுங்கள், முட்டையோடு புரட்டுங்கள். கூடவே ஒரு நெல்லிக்காய்த் துவையலோ, கொய்யாப்பழத் துண்டோ, எலுமிச்சம்பழச் சாறோ இருக்க வேண்டும். அந்த வைட்டமின் சி சேர்ந்தால்தான் கீரை, தானியத்தில் இருக்கும் இரும்பு உடம்பில் நன்றாக ஒட்டும். மாத்திரையையும் எலுமிச்சைச் சாற்றோடுதான் கொடுத்தேன்.

காபிதான் பெரிய ரகளை! டிபன் சாப்பிட்ட கையோடு டம்ளரைக் கையில் எடுக்காவிட்டால் எங்கள் வீட்டில் பொழுதே விடியாது. காபியும் டீயும் சாப்பாட்டோடு போனால் இரும்பை உடம்பில் சேர விடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மணி நேரம் இடைவெளி. என் கணவர் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். இப்போது எழுந்ததும் குடித்துவிடுகிறார், டிபனுக்கு அப்புறம் கிடையாது.

அடுத்தது சுவரொட்டி. ஆட்டின் மண்ணீரல். பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியமாகச் சமைத்துக் கொடுப்பார்களே, அதேதான். கறி, ஈரல், சுவரொட்டியில் இருக்கும் இரும்பு, கீரையில் உள்ளதைவிடச் சுலபமாக உடம்பில் சேரும். அவர் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே கடைக்குப் போனார். "அண்ணே, ஒரு ஆட்டுக்கு ஒண்ணுதான். பிள்ளை பெத்த வீட்டுல நேத்தே சொல்லி வச்சிட்டாங்க" என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார். அடுத்த ஞாயிறும் அதே கதை. மூன்றாவது வாரம், சனிக்கிழமையே போய் முன்பணம் கொடுத்துவிட்டு வந்தார். ஒரு மண்ணீரலுக்கு இவ்வளவு போட்டியா என்று நினைத்தேன்.

"அறுத்துப்புட்டுக் கழுவாதே, எல்லாம் தண்ணியில போயிரும்" என்றார் மாமியார். முழுசாகக் கழுவி, மஞ்சள் தடவி, இட்லிப் பானையில் வேக வைத்து, மேல் தோலை உரித்து, அப்புறம்தான் துண்டு போட வேண்டும். நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம் வதக்கி, மிளகும் சீரகமும் இடித்துப் போட்டுப் பிரட்டினால் முடிந்தது. மகள் முதல் தடவை மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். இரண்டாவது தடவை, தட்டு அவளாக நீண்டது.

ஒரு மாதம் கழித்து மறுபடி போனோம். 9.5. நாங்கள் சந்தோஷமாக எழுந்தபோது, டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீங்க எப்போ பார்த்தீங்க?" என்றார். எனக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று சொன்னேன். விடவில்லை. இமையை இழுத்துப் பார்த்துவிட்டு ரத்தம் எடுக்கச் சொன்னார். 9.1. மகளைவிடக் குறைவு! மாதவிலக்கு எப்படி என்று விசாரித்து ஸ்கேனும் எடுக்கச் சொன்னார். அதில் ஒன்றும் இல்லை. பிறகு, "வீட்டுல நீங்க எப்போ சாப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? எல்லாரும் சாப்பிட்ட பிறகுதான். மீன் குழம்பு வைத்தால் சட்டியில் கடைசியில் இருப்பது குழம்பும் ஒரு தலையும். அதிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து சாப்பிடுவதில் ஒரு தனி ருசி உண்டு. பொய் சொல்லவில்லை, எனக்கு அது நிஜமாகவே பிடிக்கும். ஆனால் அந்த ருசியில் மீன் துண்டு இல்லையே! மகளுக்காக மூன்று வாரம் தவம் கிடந்து வாங்கிய சுவரொட்டியில் எனக்குக் கிடைத்தது, வாணலியில் ஒட்டியிருந்த மிளகு மசாலா.

வீட்டுக்கு வந்து சொன்னதும் மாமியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் அஞ்சு பிள்ளைக்கும் கூழை ஊத்திட்டு, சட்டி கழுவுன தண்ணியைக் குடிச்சிட்டுக் காட்டுக்குப் போவேன். நீ தின்னியான்னு உங்க மாமா ஒருநாள் கேட்டதில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கூரை ஒழுகுது என்பது மாதிரிச் சொன்னார். என் கணவர் கேட்டுக்கொண்டே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு கறிக் குழம்பு இறக்கியதும், அவரே அடுப்படிக்குள் வந்தார். ஒரு சின்ன டிபன் பாக்ஸை எடுத்து நாலு துண்டு போட்டு மூடி, பிரிட்ஜ் மேல் வைத்தார். "இது உங்கம்மாவுக்கு. யாராச்சும் தொட்டீங்க..." என்றார். மோப்பம் பிடித்து வந்த சின்னவனின் கையில் மாமியார் கரண்டியால் ஒரு போடு போட்டார். அன்று முதல் எடுத்து வைப்பதுதான் எங்கள் வீட்டு வழக்கம். எல்லாரும் ஒன்றாக உட்காருவது தினமும் முடியாது. அவருக்கு ஷிப்ட், பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நேரம். தோசையைச் சுடச் சுட ஊற்றிப் போட ஒருவர் நின்றுதானே ஆக வேண்டும்? அதற்கு முறை வைத்திருக்கிறோம். சின்னவன் முறை வந்தால் தோசை இலங்கை மேப் மாதிரி வரும். பேசாமல் தின்றுவிடுவேன்.

2025 ஜனவரியில் பார்த்தபோது மகளுக்கு 12.3, எனக்கு 11.7. அவள் இப்போது அரிசி டப்பா பக்கம் போவதில்லை. மாமியாரைத்தான் ரத்தம் எடுக்கச் சம்மதிக்க வைக்க முடியவில்லை. "இந்த வயசுல எனக்கு எதுக்கு ஊசி" என்கிறார். அவருக்கும் ஒரு டிபன் பாக்ஸ் எடுத்து வைக்கிறோம். அதை மட்டும் மறுக்காமல் வாங்கிக்கொள்கிறார்.

இப்போது எனக்கு ஒரே ஒரு பிரச்சினை. கம்பில் எண்ணெய்ப் பசை அதிகம் என்பதால், மாவு அரைத்து வைத்த ஒரு வாரத்தில் கசந்து போகிறது. வறுத்து அரைத்தால் கொஞ்ச நாள் தாங்குகிறது, ஆனால் கூழுக்குப் பழைய ருசி இல்லை என்று மாமியார் ஒதுக்கிவிடுகிறார். வாராவாரம் இடிக்க எனக்குக் கை வலிக்கிறது. கசக்காமல் வைக்க வழி தெரிந்த தோழிகள் இந்தப் பகுதிக்கு எழுதுங்களேன்!

— ஒரு வாசகி, அருப்புக்கோட்டை